இரண்டு உதறல்

அந்தக் கைக்குட்டையின் நிறம் சிவப்பு. புதிதாக இருந்தபோது சிவப்பு என்று சொல்வதுதான் நியாயம். கரித்தூளும் உரத்தூசியும் கோதுமை மாவும் மாறிமாறி ஏறிய பிறகு அதை எந்த நிறத்தில் சேர்ப்பது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் துறைமுகத்துக் கிரேனின் கேபினில் உட்கார்ந்து கீழே பார்த்தால் என் கண்ணில் முதலில் படுவது அதுதான். கப்பலின் மேல்தளத்தில், சரக்கு அறையின் வாயோரமாக, வலது கை நடுவிரலில் அதன் ஒரு முனையை முடிந்துகொண்டு சிக்னல் அண்ணன் நிற்பார். மற்ற சிக்னல்மேன்கள் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொள்வார்கள். இவர் மட்டும் விரலில் முடிவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொருத்தருக்கு ஒரு வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

கிரேன் ஓட்டுகிறவனுக்கு உயரத்திலிருந்து எல்லாம் தெரியும் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தெரியும்தான். காசிமேட்டுப் படகுகள் தெரியும், ராயபுரத்து மாதா கோயில் தெரியும், யார் வீட்டு மொட்டை மாடியில் என்ன காய்கிறது என்பது வரைக்கும் தெரியும். தெரிய வேண்டியது மட்டும் தெரியாது. கப்பலின் வயிற்றுக்குள் கொக்கி எங்கே இறங்குகிறது, அதன் அடியில் எந்தப் பிள்ளைகுட்டிக்காரன் நிற்கிறான் என்று பார்த்தால் வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள் எட்டிப் பார்த்து எனக்குச் சொல்வதற்குத்தான் ஓரத்தில் ஒரு மனிதர். இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் எல்லாம் கை ஜாடைதான். விரலை மேலே நீட்டிக் கையைச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை நீட்டிக் குறுக்கே வீசினால் நிறுத்து. அப்போது நிறுத்தாவிட்டால் ஒரு வீட்டில் ஒப்பாரி. பிற்காலத்தில் வாக்கி டாக்கி கொடுத்தார்கள். அதில் எனக்குக் கேட்டதெல்லாம் கொர்கொர் என்பதுதான். அண்ணன் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு, பழையபடி கையையே காட்டினார்.

அவர் தெற்கத்திக்காரர். இளவயதில் மெட்ராஸுக்கு வந்து மூலக்கொத்தளத்தில் குடியிருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் அவர் கையை நம்பி நான் வேலை பார்த்தேன் என்றாலும் எங்களைச் சிநேகிதர்கள் என்று சொன்னால் இரண்டு பேருமே நெளிவோம். நான் ஏணியில் ஏறிப் போய்விடுவேன். ஏறி இறங்கும் அலுப்பில் மத்தியானச் சோறும் மேலேயே. அவர் கீழே நிழல் கிடைத்த இடத்தில் டப்பாவைத் திறப்பார். டீ வந்தால் அங்கிருந்து கிளாஸை உயர்த்திக் காட்டுவார், நானும் இங்கிருந்து காட்டுவேன். ஷிஃப்ட் முடிந்தால் அவருக்கு ஒரு கேட், எனக்கு வேறு கேட். அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குக் காணாது. அதில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. நான் வேலைக்குப் புதிது. காற்று அடித்த ஒரு நாள் இரும்புச் சுருளைத் தூக்கி ஆட விட்டுவிட்டேன். இனி ஏற மாட்டேன் என்று இறங்கி வந்து அவர் முன்னால் நின்றேன். அவர் திட்டவில்லை. "மேல உக்காந்திருக்கவன் பயப்படக் கூடாதுப்பா. ஒனக்கும் சேத்து நான் பயந்துக்கிறேன், நீ ஏறு" என்றார். ஏறினேன்.

அவர் கையில் ஒரு விசேஷம் உண்டு. சுமை தரையைத் தொடப் போகிறது என்றால் எல்லோரும் நேராக 'நிறுத்து' காட்டுவார்கள். இவர் அதற்கு முன்னால் மணிக்கட்டை இரண்டு முறை உதறுவார். கைக்குட்டை பட்பட்டென்று அடிக்கும். கூடவே இடது காலை ஓர் அடி பின்னால் இழுத்துக்கொள்வார். அதன் பிறகுதான் நிறுத்து. எந்த விதியிலும் இல்லாத ஜாடை அது. "பெர்சுக்கு நரம்பு இஸ்துகிச்சு" என்று சரக்கு இறக்கும் கேங்கில் இருந்தவர்கள் கேலி பேசினார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு உதறல் என் உடம்பில் ஏறிவிட்டது. முதல் உதறலில் என் கை லீவரைத் தளர்த்தும். இரண்டாவதில் சுமை காற்றில் மூச்சுப் பிடித்தாற்போல நிற்கும். அப்புறம் அது தரையில் உட்காரும் சத்தமே கேட்காது.

ஒரு தடவை புதிதாக வந்த ஃபோர்மேன் ஒருவர், தேவையில்லாத சைகையெல்லாம் கூடாது என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் அன்றைக்கு முழுக்கப் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்று கை காட்டினார். அன்றைக்கு நான் இறக்கிய ஒவ்வொரு சுமையும் தடால் தடால் என்று விழுந்தது. உள்ளேயிருந்த ஆட்கள் என் குலம் கோத்திரமெல்லாம் இழுத்துத் திட்டினார்கள். கடைசியில் நானே இறங்கிப் போய் ஃபோர்மேனிடம், "சார், அவரு கைய அவரு இஷ்டத்துக்கு வுட்ருங்க. இல்லாங்காட்டி வேற ஆள பாத்துக்கங்க" என்றேன். உதறல் திரும்பி வந்தது, வேலையும் ஒழுங்குக்கு வந்தது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அது என்ன ஜாடை என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, ஸ்வீட் கொடுத்து, ஃபோட்டோ எடுத்து அனுப்பிவைத்தோம். ஊரோடு போய்விட்டார். அவர் நம்பரை 'சிக்னல்' என்று போனில் ஏற்றிவைத்தேன். ஏற்றியதோடு சரி. கூப்பிட்டு என்ன பேசுவது? கையைப் பார்த்தே பழகிய மனிதரிடம் காதில் வைத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு எனக்கும் ஓய்வு வந்தது. அடுத்து மனைவி போய்ச் சேர்ந்தாள். மகன் புனேவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "சாப்ட்டியாப்பா?" என்பான். "சாப்ட்டேன்" என்பேன். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஓடாது. திருவொற்றியூரில் இரண்டாவது மாடியில் எனக்கு ஒரு அறையும் சமையல்கட்டும் இருக்கின்றன. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது என் வேலை. "நீ கீழ எறங்கி வந்தாலும் மேலதான் ஒக்காந்துகினு கீற" என்று என் மனைவி சொல்வாள். உயிரோடு இருந்தபோது அவள் விளையாட்டாகச் சொன்னது, போன பிறகு எனக்கு உறைத்தது. வேலையிலும் தனி, வீட்டிலும் தனி. வாழ்க்கை முழுக்க ஒரு பெட்டிக்குள் ஒண்டியாக உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன், கூட இருந்தவன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. இந்த எண்ணம் சாயங்காலமானால் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை, அது என்னை அரித்தது.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கப் போனேன். தீபாவளி சமயத்தில் எங்கள் பக்கத்து மைதானத்தில் திறந்தவெளிச் சந்தை போடுவார்கள். காலையில் கொட்டிய மழை விட்டிருந்தது. கடைக்காரர்கள் தார்ப்பாய்களில் தேங்கிய தண்ணீரைக் கழியால் முட்டி ஊற்றிக்கொண்டிருந்தார்கள், நனைந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நைட்டிகள் தொங்கின, அகல்விளக்குகள் சாக்கின் மேல் குவிந்து கிடந்தன. கருவாட்டு வாசனையும் புதுத்துணி வாசனையும் கலந்து ஒரு மாதிரி அடித்தது. எல்லோரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒரே ஒரு ரப்பர் வளையத்துக்காக வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மைதானத்தின் நடுவிலிருந்து தவில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கூட்டம் சேர்க்கக் கடைக்காரர்கள் ஏற்பாடு செய்த ஆட்டம். பத்துப் பதினைந்து பெண்கள், நடுவயதுக்காரர்கள், ஒரே நிறத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கைக்குட்டை. அதன் முனை விரலில் முடிந்திருந்தது. ஒயிலாட்டம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஆட்டம் என்றால் சாவு மேளத்துக்கு ஆடுவதுதான். அதையும் நான் ஜன்னலிலிருந்தே பார்த்தவன்.

தவில் அடிக்க ஆரம்பித்தது. அத்தனை கைகளும் மேலே போய்ச் சுழன்றன. தூக்கு, என்றது என் உடம்பு. கைகள் குனிந்து கால் பக்கம் சுழன்றன. இறக்கு. நான் நடந்துகொண்டேதான் இதைப் பார்த்தேன். திடீரென்று அத்தனை பேரும் கையை நீட்டி, உள்ளங்கையைத் தரைப் பக்கம் காட்டிக் குறுக்கே வீசினார்கள். நான் நின்றுவிட்டேன். ஆணி அடித்தாற்போல, நடுவழியில். பின்னால் இரண்டு கையிலும் பையோடு வந்த ஒரு பெண் என் முதுகில் மோதினாள். "யோவ் பெர்சு! நட்ட நடுவுல நின்னுகினு இன்னா பண்ற? நடயா!" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் நகர முடியவில்லை. நிறுத்து காட்டியிருக்கிறார்கள், அடுத்த கை வராமல் நான் எப்படி நகர்வது? என் இடது கை காற்றில் லீவரைப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தேன். வரிசையின் தலையில் நின்றது கனத்த உடம்புக்காரி ஒருத்தி. அவள் கையைத்தான் மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஓர் அடி முடியப் போகும் நேரம் அவள் மணிக்கட்டை உதறினாள். ஒன்று, இரண்டு. கைக்குட்டை பட்பட்டென்றது. இடது கால் ஓர் அடி பின்னால் போனது. கப்பல் இல்லை, கொக்கி இல்லை, தூசி இல்லை. ஆனால் அதே உதறல், அதே கால். அவள் அடுத்த அடிக்குப் போனாள், திரும்பவும் உதறினாள். நரம்பு வலியாவது மண்ணாவது. அண்ணன் கப்பல் மேல் நின்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆட்டம் முடிந்ததும் அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் போய் நின்றேன். "இன்னா நைனா, அப்டி பாத்துகினு கீற? காசெல்லாம் வேணாம், கடைக்காரங்களே குட்த்துட்டாங்கோ" என்றாள். நெட்டுக்குப்பத்துக்காரி, காலையில் மீன் விற்பவள். அந்த வரிசையில் பாதிப்பேர் மீன்காரிகள்தான். இவர்கள் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்காக யாரோ டீச்சர் சொல்லிக்கொடுத்த ஆட்டமாம். "அதுங்க ஸ்கூலோட வுட்டுச்சுங்க. நாங்க புட்சிகினோம்" என்று சிரித்தாள். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"கடைசில துணிய ரெண்டு தபா உதர்றியே, அது இன்னாத்துக்கும்மா?"

"அதுவா? பின்னால வர்றவங்களுக்கு நைனா. அடி முடியப் போவுது, அடுத்ததுக்கு ஒண்ணா கால எடுத்து வெக்கணும் இல்ல? நான் திரும்பி பாத்துகினு சொல்ல முடியுமா? அதான் கைல சொல்றது. நான் கீறேன், நீ கூட வான்னு."

"பின்னால ஆளே இல்லன்னா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆளு இல்லாம எவனாவது உதறுவானா? ரெண்டு பேரு நின்னா கூட லைன்தான் நைனா."

நான் நகர்ந்து, சட்டியில் மிளகாய் கமறிக்கொண்டிருந்த, பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் வண்டிப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். அங்கே கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சரக்கு அறையின் ஓரத்தில் அண்ணனுக்குப் பின்னால் வரிசை ஏது? ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் கடல். உயரத்தில் நான். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். அத்தனை வருஷமும் அவர் எனக்குத்தான் உதறியிருக்கிறார். நான் கீறேன், நீ கூட வா. நானும் போயிருக்கிறேன், இரும்புக் கையை நீட்டிக்கொண்டு, டன் கணக்கில் சுமையைத் தூக்கிக்கொண்டு அவர் காலடிக்குச் சரியாகக் கால் வைத்திருக்கிறேன். ஒண்டியாக உட்கார்ந்திருந்தேன் என்று எந்த மடையன் சொன்னான்? நான்தான் சொன்னேன். வாஷர் வாங்க மறந்துவிட்டேன். பிளாஸ்டிக் விரிப்பில் கைக்குட்டை விற்றவனிடம் சிவப்பில் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை 'சிக்னல்' நம்பரை அழுத்தினேன். இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது. ஒரு பெண் எடுத்தாள். அவருடைய மகள்.

"அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. வலது பக்கம் அசையாது. பேச்சும் இல்ல. எங்களையே சில நாளு தெரியாது. நீங்க யாருங்க?"

"பேரு சொன்னா தெரியாதும்மா. கிரேன்காரன்னு சொல்லு."

"மேல உக்காந்திருப்பாகளே, அவுகளா?" என்றாள். வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். அப்பா ஒயிலாட்டம் ஆடுவாரா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் கோயில் திருவிழாவில் வரிசைக்குத் தலையாக நின்று ஆடுவாராம், ஊரே கூடிப் பார்க்குமாம். "மெட்ராஸுக்குப் போன பெறகு ஆடவே இல்லன்னு அம்மா வருத்தப்படும்" என்றாள்.

"ஆடினாரும்மா" என்றேன். "டெய்லி ஆடினாரு."

வீடியோவில் காட்டச் சொன்னேன். போனை ஜன்னல் திண்டில் ஊறுகாய் ஜாடியின் மேல் சாய்த்துவைத்துவிட்டு, என் கை முழுக்கத் தெரியும்படி பின்னால் தள்ளி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கட்டிலில் கிடந்தவர் விரல் அளவுக்குத்தான் தெரிந்தார். கேபினிலிருந்து பார்க்கும்போதும் அந்த அளவுதான் இருப்பார். இளைத்துப் போயிருந்தார். கண் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் அவர் காதருகே குனிந்து, "அப்பா, கிரேன்காரவுக" என்றாள். அவர் திரும்பவில்லை. நான் சிவப்புக் கைக்குட்டையை நடுவிரலில் முடிந்துகொண்டு கையை உயர்த்திச் சுழற்றினேன். தூக்கு. ஒன்றுமில்லை. கீழே காட்டினேன். ஒன்றுமில்லை. குறுக்கே வீசினேன். "அப்பாவுக்குப் புரியலங்க" என்றாள் மகள், என்னைத் தேற்றும் குரலில்.

உதறினேன். வாழ்நாளில் முதல் தடவையாக. அந்த மீன்காரி பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவு கோணல். ஒன்று, இரண்டு.

மின்விசிறியிலிருந்து கண் இறங்கி வந்தது. போனைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். போர்வையின் மேல் கிடந்த இடது கை கொஞ்சம் எழும்பியது. ஆள்காட்டி விரல் கீழே நீண்டு, மெதுவாகச் சுழன்றது. இறக்கு. நான் கைக்குட்டைக் கையைத் தொங்கவிட்டுவிட்டு, இடது கையால் லீவரைப் பிடித்தேன். அறைக்குள் யாருக்கும் தெரியாத ஒரு சுமை இறங்கி வந்தது. அவர் விரல் சுழன்றுகொண்டே இருந்தது, நான் இறக்கிக்கொண்டே இருந்தேன். தரை நெருங்கியது.

அவர் கையில் இப்போது துணி இல்லை, வெறும் கைதான். அது இரண்டு முறை உதறியது. என் இடது கால், நான் சொல்லாமலே, ஓர் அடி பின்னால் போனது.